மனசு ஒருவரிடம், ஓட்டு இன்னொருவருக்கு



1991ஆம் ஆண்டு நவம்பர். அமெரிக்காவின் தெற்கே, லூசியானா மாநிலத்தில் ஓடிய கார்களின் பின்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் அடிக்கடி கண்ணில் பட்டது. ‘திருடனுக்கு ஓட்டுப் போடுங்கள், இது முக்கியம்’ என்று அதில் அச்சிட்டிருந்தது. ஒட்டியவர்கள் அந்தத் திருடனின் எதிரிகள் இல்லை. அவருக்காக வாக்குச் சேகரித்தவர்கள்.

‘திருடன்’ என்று சுட்டப்பட்டவர் எட்வின் எட்வர்ட்ஸ். மூன்று முறை ஆளுநராக இருந்தவர், சூதாட்டப் பிரியர், மோசடி வழக்கில் நீதிமன்றப் படியேறி விடுதலையானவர். எதிரே நின்றவர் டேவிட் டியூக், கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் முன்னாள் தலைவர். அப்போதைய ஆளுநர் படி ரோமர் அக்டோபரில் நடந்த முதல் சுற்றிலேயே மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறிவிட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன் எட்வர்ட்ஸின் ஊழலைச் சொல்லிச் சொல்லியே பதவிக்கு வந்தவர் ரோமர். இப்போது அவரே எட்வர்ட்ஸை ஆதரித்தார். ரோமரின் ஆதரவாளர்கள், தாங்கள் விரட்டிய மனிதருக்கே போய் ஓட்டுப் போட வேண்டிய நிலை. போட்டார்கள். நவம்பர் 16 அன்று எட்வர்ட்ஸுக்கு 61 சதவீதம் கிடைத்தது. பிறகு 2000ஆம் ஆண்டில், சூதாட்டக் கப்பல் உரிமங்களுக்குப் பணம் பறித்த வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார். ஆக, ஸ்டிக்கரில் இருந்த இரண்டு செய்தியும் பொய்யில்லை.

ஆனால் லூசியானா சுலபமான கணக்கு. எதிரே பூதம் நிற்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு வாக்களிப்பதற்குப் பெரிய மனப் போராட்டம் தேவையில்லை. பிரான்சில் 2002ஆம் ஆண்டு இதேதான் நடந்தது. ழான்-மரி லெ பென் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட, இடதுசாரிகள் வேண்டா வெறுப்பாக வலதுசாரி ஷிராக்குக்குக் குத்தி, அவரை 82 சதவீதத்துக்குத் தூக்கிவிட்டார்கள். கடினமான கணக்கு வேறொன்று இருக்கிறது. அதே கட்சி, அதே கொடி, இரண்டு வேட்பாளர்களுமே கண்ணியமான மனிதர்கள். மாதக்கணக்கில் ஒருவருக்காகத் தெருத்தெருவாக அலைந்த தொண்டனிடம், ‘உன் ஆள் தோற்றுவிட்டார், இனி இவருக்கு வேலை செய்’ என்று கட்சி சொல்கிறது. அந்தத் தொண்டன் என்ன செய்கிறான், ஏன் செய்கிறான் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது கொஞ்சம் அந்நியமான வலிதான். இங்கே வேட்பாளரைத் தலைமை அறிவிக்கும். சீட் கிடைக்காதவர் சுயேச்சையாக நிற்பார், அல்லது உள்ளடி வேலை பார்ப்பார். அந்த மனக்குறை கட்சிக்காரருடையது. வாக்காளரிடம் யாரும் முன்கூட்டியே ‘உங்களுக்கு யார் வேண்டும்’ என்று கேட்பதில்லை. அவர் சின்னத்தைப் பார்த்துக் குத்துகிறார். கேட்காத இடத்தில் முதல் விருப்பமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. அமெரிக்காவில் வாக்காளரையே கேட்கிறார்கள். கேட்பதற்குப் பெயர் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரை முடிவு செய்யும் முன்தேர்தல். எல்லா மாநிலத்திலும் இப்படிக் கேட்கும் வழக்கம் அங்கேயும் நெடுங்காலத்துப் பழக்கம் அல்ல. அது வந்த கதை 1968இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வியட்நாம் போரில் கழுத்தளவு மூழ்கியிருந்தார். அவரை எதிர்த்து அதே கட்சியிலிருந்து மினசோட்டா செனட்டர் யூஜின் மெக்கார்த்தி களமிறங்கினார். கவிதை எழுதுபவர், மெல்லிய குரல், கூட்டத்தை உசுப்பேற்றத் தெரியாத பேச்சு. ஆனாலும் போரை வெறுத்த கல்லூரிப் பிள்ளைகள் அவர் பின்னால் திரண்டார்கள். கிராமத்துக் கிழவிகள் கதவைச் சாத்திவிடக் கூடாதே என்று நீண்ட தலைமுடியை வெட்டி, தாடியை மழித்து, நியூ ஹாம்ப்ஷயர் பனியில் வீடு வீடாகப் போனார்கள். மார்ச் 12 வாக்கெடுப்பில் ஜான்சனுக்கு 49 சதவீதம், மெக்கார்த்திக்கு 42. பதவியில் இருக்கும் தலைவருக்கு இது தோல்விக்குச் சமம். நான்கு நாள் கழித்து ராபர்ட் கென்னடியும் போட்டியில் குதித்தார். மார்ச் 31 இரவு தொலைக்காட்சியில் தோன்றிய ஜான்சன், தான் மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார்.

முடி வெட்டிய பிள்ளைகள் ஒரு குடியரசுத் தலைவரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் போதை இறங்குவதற்குள் அடி மேல் அடி. ஏப்ரல் 4 மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஜூன் 5 அதிகாலை, கலிஃபோர்னியாவில் வென்ற கையோடு கென்னடி சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். எஞ்சியவர்கள் மெக்கார்த்தியும், துணைக் குடியரசுத் தலைவர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும்.

ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடவில்லை. அன்று அதற்கு அவசியமும் இல்லை. சொற்ப மாநிலங்களில்தான் பிரைமரி நடந்தது. கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு வாக்களிக்கும் பெரும்பாலான பிரதிநிதிகள் ஆளுநர்கள், மேயர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள் ஆகியோரின் சட்டைப்பையில் இருந்தார்கள். ஆகஸ்டு இறுதியில் சிகாகோ மாநாட்டில் ஹம்ஃப்ரிக்கு ஏறக்குறைய 1,760 வாக்கு, மெக்கார்த்திக்கு 601. வெளியே தெருவில் போலீஸ் தடியடி நடத்திக்கொண்டிருந்தது. கான்ராட் ஹில்டன் ஹோட்டலின் மேல்தளத்தில் தங்கியிருந்த ஹம்ஃப்ரியின் அறைவரை கண்ணீர்ப்புகை ஏறியது. வாழ்நாளின் மிகப் பெரிய பதவிக்கு நியமனம் பெற்ற நாளில் அவர் கண் எரிச்சலோடு நின்றார். அதே ஹோட்டலின் இன்னொரு தளத்தில் மெக்கார்த்தியின் ஆட்கள், மண்டை உடைந்த பிள்ளைகளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. ஹம்ஃப்ரி கெட்டவர் இல்லை. 1948 கட்சி மாநாட்டில், தெற்கத்திய இனவாதிகள் வெளிநடப்புச் செய்வார்கள் என்று தெரிந்தும் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேசியவர். 1964 சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் நிறைவேறியதில் பெரும்பங்கு அவருடையது. முற்போக்காளர்களின் செல்லப்பிள்ளையாக இருபது ஆண்டு இருந்தவர். ஆனால் துணைக் குடியரசுத் தலைவராகப் போருக்குத் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்கு முன்னால் இருபது ஆண்டுக் கணக்கும் செல்லாக்காசாகிவிட்டது.

செப்டம்பரில் அவர் போன ஊரெல்லாம் கூச்சல். ‘ஹம்ஃப்ரியைத் தூக்கி எறி’ என்று பெயரை நையாண்டியாக்கிக் கத்தினார்கள். பேச ஆரம்பித்தால் முடிக்க விடுவதில்லை. அந்த மாத இறுதியில் கேலப் கருத்துக்கணிப்பு குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்ஸனுக்கு 43 சதவீதம், ஹம்ஃப்ரிக்கு 28, இனப் பிரிவினையின் காவலராக அறியப்பட்ட ஜார்ஜ் வாலஸுக்கு 21 என்று காட்டியது.

மெக்கார்த்தி? அவர் மாநாடு முடிந்ததும் பிரான்சின் கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போய்விட்டார். திரும்பி வந்து ‘லைஃப்’ இதழுக்காக பேஸ்பால் இறுதிப் போட்டிகளைப் பற்றி எழுதினார். ஹம்ஃப்ரியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 30 அன்று சால்ட் லேக் சிட்டியில் ஹம்ஃப்ரி ஒரு தொலைக்காட்சி உரை நிகழ்த்தினார். அன்று அவர் பேசிய மேடையில் துணைக் குடியரசுத் தலைவரின் முத்திரை இல்லை, வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். இது ஜான்சனின் ஆள் பேசும் பேச்சல்ல என்று காட்ட அந்தச் சின்ன ஏற்பாடு. உரையிலும் புரட்சி எதுவும் இல்லை. அமைதிக்காக வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தும் துணிவை எடுக்கத் தயார் என்றார், அதற்கும் சில நிபந்தனைகள் வைத்தார். அவ்வளவுதான். ஆனால் கூச்சல் அடங்கத் தொடங்கியது. கூட்டமொன்றில் மாணவர்கள் தூக்கிப் பிடித்த அட்டையில், ‘மனசாரச் சொல்கிறீர்கள் என்றால் உங்களோடு இருக்கிறோம்’ என்ற பொருளில் எழுதியிருந்தது. தேர்தல் வரலாற்றில் இதைவிட நேர்மையான பேரம் குறைவு. மாணவர்கள் கேட்டது பதவியோ மன்னிப்போ இல்லை. போரைப் பற்றி ஒரு வாக்கியம்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு ஹம்ஃப்ரி செப்டம்பர் கடைசி வரை காத்திருந்தார். ஜான்சன் கோபப்படுவாரே என்ற பயம். மெக்கார்த்தியோ அக்டோபர் 29 வரை காத்திருந்தார். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில், குறைகளை அடுக்கியபடி, ‘நான் ஹம்ஃப்ரிக்கு வாக்களிப்பேன், நீங்களும் வாக்களிக்கலாம்’ என்கிற மாதிரி ஒரு அறிக்கை விட்டார். கல்யாண வீட்டுக்கு வந்து கைநனைக்காமல் போவதைப் போன்ற ஆதரவு அது.

நவம்பர் 5 முடிவு: நிக்ஸன் 43.4, ஹம்ஃப்ரி 42.7, வாலஸ் 13.5. ஐந்தே வாரத்தில் 15 புள்ளி இடைவெளி முக்கால் புள்ளிக்கும் கீழே வந்திருந்தது. கலிஃபோர்னியாவில் ஹம்ஃப்ரி தோற்றது சுமார் 3 சதவீத வித்தியாசத்தில். அந்த மாநிலத்தின் 40 எலக்டோரல் வாக்குகள் (மாநிலவாரியாகக் கணக்கிட்டுக் குடியரசுத் தலைவரைத் தீர்மானிக்கும் வாக்குகள்) மட்டும் இடம் மாறியிருந்தால் நிக்ஸனின் 301 என்பது 261ஆகி, தேவையான 270க்குக் கீழே இறங்கியிருக்கும். முடிவு பிரதிநிதிகள் சபையின் கைக்குப் போயிருக்கும். நிக்ஸன் பதவியேற்ற பிறகு வியட்நாமில் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். வியட்நாமியர்கள் அதைவிடப் பல மடங்கு. ஹம்ஃப்ரி வந்திருந்தால் போரை விரைவில் முடித்திருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் வீட்டிலேயே இருந்துவிட்ட மெக்கார்த்தி தொண்டர் இந்த எண்ணிக்கையை ஒருமுறையாவது நினைத்துப் பார்த்திருப்பார்.

பழியை முழுக்க அந்தத் தொண்டர் தலையில் போடுவதும் சரியல்ல. இரண்டாம் விருப்பத்தின் வாக்கு தானாக வந்து விழும் சொத்து அல்ல. கேட்டு வாங்க வேண்டியது, அதுவும் நேரத்தோடு. ஹம்ஃப்ரி ஆகஸ்டில் கேட்டிருக்க வேண்டியதைச் செப்டம்பர் கடைசியில் கேட்டார். மெக்கார்த்தி செப்டம்பரில் கொடுத்திருக்க வேண்டியதை அக்டோபர் கடைசியில் கொடுத்தார். தொண்டர்களைக் குறை சொல்லும் முன் இந்த இரண்டு தலைவர்களின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும்.

தோல்விக்குப் பின் கட்சி விதிகளை மாற்றியது. ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் தொடங்கிய குழு, பிரதிநிதிகளைத் தலைவர்கள் மூடிய அறையில் நியமிக்கும் முறையை ஒழித்தது. மாநிலம் மாநிலமாக பிரைமரிகள் பெருகின. ஆக, சாதாரண வாக்காளருக்கு ‘முதல் விருப்பம்’ என்ற ஒன்று கிடைத்ததே சிகாகோவின் விளைவுதான். கூடவே அது உடைந்து போகும் வாய்ப்பும் கிடைத்தது.

1972இல் மெக்கவர்னே வேட்பாளரானார். அந்த மாநாட்டிலிருந்து சிகாகோ மேயர் டேலியின் குழுவையே வெளியே நிறுத்தினார்கள். இப்போது முறுக்கிக்கொண்டது மறுபக்கம். பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் ஜார்ஜ் மீனி யாருக்கும் ஆதரவில்லை என்று ஒதுங்கினார். டெக்சஸின் ஜான் கானலி ‘நிக்ஸனுக்காக ஜனநாயகக் கட்சியினர்’ என்று தனி அமைப்பே நடத்தினார். மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றார். 1968இல் ‘ஒழுங்காக வந்து ஓட்டுப் போடுங்கள்’ என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன பெரியவர்கள் பலர், தங்கள் முறை வந்தபோது அதே பிள்ளைகளைப் போலத்தான் நடந்துகொண்டார்கள்.

2008இல் பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் ஜூன் வரை இழுபறி. அந்த மார்ச்சில் கேலப் எடுத்த கணிப்பில், கிளின்டன் ஆதரவாளர்களில் 28 சதவீதத்தினர் ஒபாமா வந்தால் குடியரசுக் கட்சியின் மெக்கெய்னுக்கே ஓட்டு என்றார்கள். கட்சி ஒற்றுமையாவது மண்ணாங்கட்டியாவது என்கிற தொனியில் ஒரு கூட்டம் தனக்கு ஒரு கெட்ட வார்த்தைச் சுருக்கப் பெயரே வைத்துக்கொண்டது. கிளின்டன் செய்தது மெக்கார்த்திக்கு நேர்மாறு. கடைசி பிரைமரி முடிந்த நான்காம் நாள், ஜூன் 7 அன்று, விலகி ஒபாமாவை ஆதரித்தார். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில் மாநிலவாரியாக வாக்குகளை அறிவித்துக்கொண்டிருந்தபோது குறுக்கே எழுந்து, ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கும்படி அவரே முன்மொழிந்தார். தோற்றவர் தன் வாயாலேயே எண்ணிக்கையை நிறுத்தியது அரிய காட்சி. நவம்பரில் ஜனநாயகக் கட்சியினரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒபாமாவுக்கு வாக்களித்தார்கள்.

எட்டு ஆண்டு கழித்து வரிசை மாறியது. கிளின்டன் வேட்பாளர், பெர்னி சாண்டர்ஸ் தோற்றவர். ஜூலை 12 அன்று சாண்டர்ஸ் ஆதரவு அறிவித்தார். பிறகு கட்சித் தலைமையகத்தின் மின்னஞ்சல்கள் வெளியாகி, அங்கிருந்தவர்கள் சாண்டர்ஸை எப்படி ஏளனமாகப் பேசினார்கள் என்று ஊருக்கே தெரிந்தது. ஜூலை 25 அன்று பிலடெல்பியாவில் தன் ஆட்களைக் கூட்டி, கிளின்டனை ஜெயிக்க வைக்க வேண்டும் என்று சாண்டர்ஸ் சொன்னபோது அவர்கள் அவரையே கூச்சலிட்டு மறித்தார்கள். தலைவன் கைகாட்டிய பக்கம் ஓட்டு போகும் என்று நம்புகிற கட்சிக்காரர்கள் பார்க்க வேண்டிய காட்சி அது.

தேர்தலுக்குப் பின் ஒரு பெரிய கல்விசார் கருத்தாய்வு, சாண்டர்ஸுக்கு பிரைமரியில் வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 12 சதவீதத்தினர் குடியரசுக் கட்சியின் டொனால்டு டிரம்புக்கு வாக்களித்ததாகச் சொன்னது. மிச்சிகனில் டிரம்பின் வெற்றி வித்தியாசம் 10,704. விஸ்கான்சினில் 22,748. பென்சில்வேனியாவில் 44,292. மூன்றையும் சேர்த்தாலும் 80,000 வாக்குகூட இல்லை. உடனே எல்லா விரல்களும் சாண்டர்ஸ் தொண்டர்களை நோக்கி நீண்டன. ஆனால் 2008இல் கிளின்டனிடமிருந்து மெக்கெய்னுக்குத் தாவியவர்களின் விகிதம் இதைவிடக் கூடுதல் என்றே ஆய்வுகள் காட்டின. அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒபாமா 7 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாரே. ஜெயித்த வீட்டில் யார் சாப்பிடாமல் போனார்கள் என்று கணக்கெடுப்பதில்லை.

மறுபக்கத்தில், 2012இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்ற மிட் ராம்னி 2016இல் தன் கட்சி வேட்பாளர் டிரம்புக்கு வாக்களிக்க மனமில்லாமல், சீட்டில் தன் மனைவியின் பெயரை எழுதிப் போட்டதாகப் பின்னர் சொன்னார். வீட்டில் நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

தமிழர்களிடம் இந்தச் சங்கடம் முற்றிய வடிவில் வந்த இடம் இலங்கை. 2009 மே மாதம் போர் முடிந்தது. 2010 ஜனவரி 26 அன்று குடியரசுத் தலைவர் தேர்தல். மகிந்த ராஜபக்சவை எதிர்த்து நின்ற பொது வேட்பாளர், அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவின் அன்னம் சின்னத்துக்கு வாக்களிக்கச் சொன்னது. உறவுகளைப் பறிகொடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நான்கில் மூன்று பேர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. போனவர்களில் பெரும்பான்மையினர் அன்னத்துக்குப் புள்ளடி போட்டார்கள். இரண்டாம் விருப்பம் என்ற சொல் இதற்குப் போதாது. அந்த நான்கில் மூன்று பேரையும் நான்கில் ஒருவரையும் எந்தத் தராசிலும் வைத்து எடைபோட முடியாது. போட வேண்டியதும் இல்லை.

அதே இலங்கையில்தான் இரண்டாம் விருப்பத்துக்கு வாக்குச்சீட்டிலேயே இடம் இருக்கிறது என்பது விசித்திரம். அங்கே குடியரசுத் தலைவர் தேர்தலில் 1, 2, 3 என்று வரிசையிட்டுக் குறிக்கலாம். ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பங்களை எண்ணுவார்கள். 1982 முதல் இருந்தும் இது முதல்முறையாகத் தேவைப்பட்டது 2024 செப்டம்பரில். அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76. சங்கு சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 2,26,343 வாக்குகள். முதல் இருவருக்கும் போடாதவர்கள் சுமார் 33 லட்சம் பேர். அவர்களின் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது திசாநாயக்கவுக்கு 1,05,264, பிரேமதாசவுக்கு 1,67,867 மட்டுமே கூடியது. மற்றவர்கள் இவ்விருவருக்கும் எந்த எண்ணும் குறிக்கவில்லை. இடம் கொடுத்தும் பத்தில் ஒன்பது பேர் இவர்கள் பெயருக்கு நேரே வெறுமையாக விட்டிருக்கிறார்கள். பழக்கமின்மை ஒரு காரணம். ஒருவருக்கு மனசைக் கொடுத்த கையால் இன்னொருவர் பெயருக்கு நேரே ‘2’ என்று எழுத வராததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஹம்ஃப்ரிக்கும் மெக்கார்த்திக்கும் பிறகு என்ன ஆயிற்று? 1970இல் மெக்கார்த்தி செனட்டுக்கு மீண்டும் நிற்கவில்லை. காலியான அந்த மினசோட்டா இடத்தில் நின்று ஜெயித்து உள்ளே போனவர் ஹம்ஃப்ரி. 1980இல் மெக்கார்த்தி ஆதரித்தது குடியரசுக் கட்சியின் ரொனால்டு ரேகனை. மெக்கார்த்திக்காகத் தாடியை மழித்த பிள்ளைகளுக்கு அப்போது முப்பது வயது கடந்திருந்தது.

அந்த 1980 ஆகஸ்டில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜனநாயகக் கட்சி மாநாடு. எட்வர்ட் கென்னடியைத் தோற்கடித்து ஜிம்மி கார்ட்டர் மறுபடி வேட்பாளராகியிருந்தார். கடைசி இரவில் கென்னடி மேடைக்கு வந்தார். இருவரும் கைகோத்து மேலே உயர்த்தும் படத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். கென்னடி கார்ட்டரின் கையைக் குலுக்கினார், மேடையிலிருந்த மற்றவர்களிடம் நகர்ந்தார், கூட்டத்துக்குக் கையசைத்தார். நாட்டின் குடியரசுத் தலைவர் அந்தப் படத்துக்காக அவர் பின்னாலேயே மேடையைச் சுற்றி வந்ததைத் தொலைக்காட்சி நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. கார்ட்டரின் கையோடு சேர்ந்து கென்னடியின் கை உயரவில்லை.